ஆலை வளாகத்தில் நிலத்தடி நீர் மாசுபட்டால்: கசிவைத் தேடுவதிலிருந்து கிணற்றை மூடுவது வரை

ஆலைக்குள் இருக்கும் ஆழ்துளைக் கிணற்றில் கரைப்பானோ குரோமியமோ கலந்திருக்கிறது என்று ஆய்வக அறிக்கை வந்ததும் நிர்வாகம் கேட்கும் முதல் கேள்வி, "எந்த இயந்திரம் வாங்கிப் போட்டால் சரியாகும்?" என்பதுதான். அதற்கு அவசரப்பட்டுப் பதில் சொன்ன இடங்களில் பம்ப் இருபது, முப்பது வருடமாக ஓடிக்கொண்டிருக்கிறது. அறிக்கையில் வரும் எண் மட்டும் இறங்குவதில்லை.

ஏன் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. உலோகப் பாகங்களில் எண்ணெய்ப் பிசுக்கை நீக்கப் பல ஆலைகளில் பயன்பட்ட கரைப்பான் டிரைகுளோரோஎத்திலீன், சுருக்கமாக டிசிஇ. அமெரிக்கக் குடிநீர் விதிப்படி அதற்கு வரம்பு லிட்டருக்கு 5 மைக்ரோகிராம். ஒரே ஒரு லிட்டர் டிசிஇ கிட்டத்தட்ட 29 கோடி லிட்டர் தண்ணீரை அந்த வரம்பு வரை கெடுக்கப் போதும். 200 லிட்டர் டிரம் ஒன்று மண்ணுக்குள் போயிருக்கிறது என்று வையுங்கள். எடை சுமார் 290 கிலோ. நீங்கள் தினமும் 50,000 லிட்டர் இறைக்கிறீர்கள், அதில் லிட்டருக்கு 200 மைக்ரோகிராம் டிசிஇ வருகிறது. ஒரு நாளைக்கு வெளியே வருவது 10 கிராம். வருடத்துக்கு 3.65 கிலோ. அந்த ஒரு டிரம்மைக் காலி செய்ய 80 வருடம்.

அதனால் இந்த வழிகாட்டியில் பாதி, கருவி வாங்குவதற்கு முன்னால் செய்ய வேண்டியதைப் பற்றியது. சரக்கு, அதாவது கசிந்து மண்ணுக்குள் போன பொருள், எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று தெரியாமல் தண்ணீரை மட்டும் சுத்தம் செய்ய முடியாது.

படி 1: முதலில் ஆட்களைப் பாருங்கள்

அந்தத் தண்ணீரை யார் குடிக்கிறார்கள்? வளாகத்துக்குள் கேன்டீன், குளியலறை. வேலிக்கு வெளியே வீட்டுக் கிணறுகள், தோட்டக் கிணறுகள். பட்டியல் எடுத்து, சந்தேகம் உள்ள கிணறுகளில் மாதிரி எடுத்து, முடிவு வரும்வரை மாற்றுத் தண்ணீருக்கு ஏற்பாடு செய்யுங்கள். அறிக்கை இரண்டாவது முறையும் அப்படியே வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

பலருக்கும் தோன்றாத இன்னொரு வழி காற்று. டிசிஇ, பெட்ரோலில் இருக்கும் பென்சீன் போன்றவை எளிதில் ஆவியாகும். தண்ணீரிலிருந்து மண் இடுக்குகள் வழியாக மேலே ஏறி, தரைத்தளத்தின் வெடிப்புகளில் புகுந்து, மூடிய அலுவலக அறையில் சேரும். தண்ணீரை ஒருவரும் தொடாத இடத்திலும் இது நடக்கும். தளத்துக்கு அடியில் உள்ள காற்றையும் அறைக்குள் இருக்கும் காற்றையும் சோதித்துப் பாருங்கள். அளவு அதிகமென்றால் தளத்தில் துளையிட்டுக் குழாய் இறக்கி, விசிறி வைத்து அடிக்காற்றை உறிஞ்சிக் கூரைக்கு மேலே விடுவது வழக்கமான தீர்வு.

இதற்கிடையே கசிவு இன்னும் நடக்கிறதா என்று பார்த்து நிறுத்துங்கள். நிலத்தடித் தொட்டி, கழிவுநீர்க் குழாய், குழித்தொட்டி எல்லாவற்றையும் அழுத்தச் சோதனைக்கு உட்படுத்துங்கள். அரசுத் துறைக்குத் தகவல் சொல்ல எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதை உங்கள் நாட்டுச் சட்டத்தில் பாருங்கள். பல இடங்களில் அது மணிக்கணக்குதான்.

படி 2: பழைய காகிதங்களைத் தோண்டுங்கள்

மண்ணைத் தோண்டுவதைவிட இது மலிவு, பலனும் அதிகம். கொள்முதல் பதிவேட்டில் வருடத்துக்கு எத்தனை டிரம் கரைப்பான் வாங்கினார்கள், கழிவாக எத்தனை டிரம் வெளியே போனது என்று பாருங்கள். ஆவியானது போக இடிக்கும் கணக்கு எங்கேயோ போயிருக்கிறது. பழைய கட்டட வரைபடங்களில் இப்போது இல்லாத எண்ணெய் நீக்கும் தொட்டி, முலாம் பூசும் குழி, தரை வடிகால், ஊறல் குழி ஆகியவை இருக்கும். பழைய வான்வழிப் படங்கள் கிடைத்தால் டிரம்களை அடுக்கிய திறந்தவெளி அப்படியே தெரியும்.

அப்புறம், ஓய்வுபெற்ற பராமரிப்பு ஆட்களிடம் பேசுங்கள். "அந்தக் காலத்தில் மிச்சத்தை எங்கே ஊற்றுவீர்கள்?" என்று குற்றம் சாட்டும் தொனி இல்லாமல் கேட்டால், நேரே போய் இடத்தைக் காட்டுவார்கள். பத்துத் துளைகள் போட்டுக் கிடைக்கும் தகவல் சில சமயம் அந்த ஒரு நடையில் கிடைக்கும்.

படி 3: நிலத்துக்கு அடியில் என்ன இருக்கிறது, தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது

குறைந்தது மூன்று கிணறுகள், ஒரே நேர்கோட்டில் இல்லாமல் முக்கோணமாக. மூன்றிலும் குழாய் வாயின் மட்டத்தைச் சர்வே செய்து, ஒரே நாளில் நீர்மட்டத்தை மில்லிமீட்டர் துல்லியமாக அளந்தால் ஓட்டத்தின் திசையும் சரிவும் கிடைக்கும். ஆலையின் உற்பத்திக் கிணறுகள் ஓடும்போது ஒரு தடவை, நிறுத்திய பிறகு ஒரு தடவை, மழைக்கு முன்னும் பின்னும் ஒரு தடவை என அளந்தால்தான் படம் நம்பத்தக்கது. பெரிய பம்ப் ஒன்று ஓடினால் திசையே திரும்பிவிடும்.

வேகத்துக்கு ஒரு சூத்திரம்: மண்ணின் நீர்க்கடத்துதிறனைச் சரிவால் பெருக்கி, நுண்துளை விகிதத்தால் வகுக்க வேண்டும். மணல் படுகையில் கடத்துதிறன் நாளுக்கு 10 மீட்டர், சரிவு கிலோமீட்டருக்கு 2 மீட்டர், நுண்துளை 0.25 என்றால் நாளுக்கு 8 சென்டிமீட்டர், அதாவது வருடத்துக்கு 29 மீட்டர். டிசிஇ மண்ணில் சற்று ஒட்டிக்கொள்வதால் அதில் பாதி வேகத்தில் நகர்கிறது என்று வைத்தாலும், 20 வருடம் பழைய கசிவு கிட்டத்தட்ட 300 மீட்டர் போயிருக்கும். ஆறு இணைதிறன் குரோமியம், அதாவது குரோமியத்தின் நச்சு மிகுந்த, நீரில் கரையும் வடிவம், சாதாரண மணலில் அவ்வளவாக ஒட்டாது; ஏறக்குறைய தண்ணீரோடு தண்ணீராகவே போய்விடும். வேலிக்குள் மட்டும் தேடுவதில் அர்த்தம் இருக்கிறதா என்பதை இந்தக் கணக்கே சொல்லிவிடும்.

கரையாமல் இருக்கும் சரக்கின் போக்கு வேறு. பெட்ரோல், டீசல் தண்ணீரைவிட லேசு. நீர்மட்டத்தின் மேல் மிதக்கும். டிசிஇ தண்ணீரைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கனம். நீர்மட்டத்தைத் தாண்டி இறங்கி, களிமண் அடுக்கின் மேல் குட்டையாகத் தேங்கும். களிமண் எந்தப் பக்கம் சரிகிறதோ அந்தப் பக்கம் வழியும், அது நீரோட்டத்துக்கு எதிர்ப்பக்கமாக இருந்தாலும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. துளை போடுபவர் அந்தக் களிமண்ணைத் துளைத்து இறங்கிவிட்டால், மேலே தேங்கியிருந்தது கீழ்ப்படுகைக்கு, அதாவது அடியில் உள்ள நீர் தாங்கும் அடுக்குக்கு, வழிந்துவிடும். நல்ல தண்ணீரை நீங்களே கெடுத்ததாகிவிடும். கீழே போக வேண்டிய கட்டாயம் இருந்தால், களிமண் வரை அகலமான உறைக்குழாயை இறக்கி, சிமென்ட் கலவையால் அடைத்து, அது இறுகிய பிறகு உள்ளே சிறிய துளையாகப் போக வேண்டும். முடிந்தவரை மூலத்துக்கு, அதாவது கசிந்த சரக்கு தேங்கியிருக்கும் இடத்துக்கு, வெளியே தொடங்கி உள்ளே வாருங்கள்.

படி 4: கண்காணிப்புக் கிணறும் மாதிரியும்

இந்த வேலையைக் கடைநிலை உதவியாளரிடம் விட்டுவிடும் பழக்கம் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. பின்னால் எடுக்கும் முடிவுகள் எல்லாம் இந்தப் பாட்டில்களை நம்பித்தான் இருக்கின்றன.

கிணற்றில் சல்லடைக் குழாய் குறுகிய நீளத்துக்கு, உங்களுக்கு வேண்டிய அடுக்கில் மட்டும் இருக்க வேண்டும். சுற்றிலும் வடிகட்டி மணல், அதன் மேல் ஈரத்தில் உப்பி இடைவெளியை அடைக்கும் பென்டோனைட் களி, அதன் மேல் சிமென்ட் கலவை, மேலே பூட்டுப் போட்ட மூடி. 15 மீட்டருக்குச் சல்லடை வைத்தால் மாசுள்ள தண்ணீரும் நல்ல தண்ணீரும் கலந்து வரும். உண்மையைவிடக் குறைந்த எண்ணைப் பார்த்து நிம்மதி அடைவீர்கள்.

மாதிரி எடுக்கும் நாளில் சுத்தமான கிணற்றில் தொடங்கி அழுக்கான கிணற்றில் முடியுங்கள். நிமிடத்துக்கு 100 முதல் 500 மில்லி வேகத்தில் மெதுவாக இறையுங்கள். நீர்மட்டம் சட்டென இறங்கக் கூடாது. அமில காரத் தன்மை, மின்கடத்துதிறன், கரைந்த ஆக்சிஜன், கலங்கல் ஆகிய நான்கையும் சில நிமிடத்துக்கு ஒருமுறை குறியுங்கள். தொடர்ந்து மூன்று முறை எண்கள் பெரிதாக மாறாமல் நின்றால், கிணற்றுக்குள் தேங்கியிருந்தது போய்ப் படுகைத் தண்ணீர் வருகிறது என்று அர்த்தம். அப்போதுதான் பாட்டிலை நீட்ட வேண்டும்.

ஆவியாகும் பொருள்களுக்கு அமிலம் இட்ட 40 மில்லி கண்ணாடிக் குப்பி. குப்பியைச் சாய்த்துப் பிடித்துச் சுவரோரம் வழியவிட்டு, வாயில் தண்ணீர் மேடாக நிற்கும்வரை நிரப்பி, மூடியைத் திருகுங்கள். கவிழ்த்து விரலால் தட்டிப் பாருங்கள். குமிழ் ஏறினால் அந்தக் குப்பி வேண்டாம், புதிதாக எடுங்கள். டிசிஇ அந்தக் குமிழுக்குள் போய்விடும். உலோகங்களுக்கு 0.45 மைக்ரான் வடிகட்டியில் வடித்து நைட்ரிக் அமிலம் சேர்க்க வேண்டும், ஆனால் ஆறு இணைதிறன் குரோமியத்துக்குத் தனிக் குப்பி, அமிலம் கூடாது. ஆய்வகத்துக்கு அன்றே போய்ச் சேரட்டும். கலங்கிய தண்ணீரை வடிக்காமல் அனுப்பினால் மண்ணில் இருக்கும் உலோகத்தையும் சேர்த்து எண்ணிவிடுவார்கள்.

எல்லாம் பனிக்கட்டிப் பெட்டியில் போகட்டும். கூடவே, ஆய்வகத்தில் நிரப்பி மூடிய சுத்த நீர்க் குப்பி ஒன்றும் பயணம் போய்த் திரும்ப வேண்டும். அதில் டிசிஇ தென்பட்டால் மாசு கிணற்றில் இல்லை, பெட்டியில் இருக்கிறது.

படி 5: ஒரு படம் வரையுங்கள்

மண் அடுக்குகள், நீர்மட்டம், மூலம், அதிலிருந்து ஓட்டத்தின் பக்கம் நீளும் மாசுத் தாரை, அது போய்ச் சேரும் கிணறு அல்லது ஆறு. மேலிருந்து பார்க்கும் படம் ஒன்று, குறுக்குவெட்டு ஒன்று. எந்தக் கேள்விக்கு விடை இல்லையோ அங்கே அடுத்த துளை.

கரையாத சரக்கைக் கண்ணால் பார்ப்பது அபூர்வம். அதற்கு ஒரு கைக்கணக்கு வைத்திருக்கிறார்கள்: கரைந்த அளவு அந்தப் பொருளின் கரைதிறனில் ஒரு சதவீதத்தைத் தாண்டினால் சரக்கு பக்கத்தில் இருக்கலாம். டிசிஇக்கு அது லிட்டருக்கு ஏறக்குறைய 11 முதல் 13 மில்லிகிராம். இது சந்தேகம் எழுப்பும் எண். இதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது.

படத்தில் களிமண் அடுக்குகளைத் தனி நிறத்தில் காட்டுங்கள். வருடக்கணக்கில் மாசுத் தண்ணீர் பக்கத்தில் ஓடியதால் கரைப்பான் களிமண்ணுக்குள் ஊறியிருக்கும். மணலில் உள்ள தண்ணீரை நீங்கள் சுத்தம் செய்ததும், ஊறியது மெல்ல வெளியே வரத் தொடங்கும். எண்ணெய் ஊறிய மண்சட்டியை எத்தனை முறை கழுவினாலும் மறுநாள் பிசுக்குத் தட்டுவது போலத்தான். பம்ப் ஓடும் ஆலைகளில் முதல் இரண்டு வருடம் எண் வேகமாக இறங்கி, பிறகு தரைதட்டிப் படுத்துக்கொள்வதற்கு முக்கியக் காரணம் இதுவே. 1994-இல் அமெரிக்க தேசிய ஆராய்ச்சிக் கழகம் இப்படி இறைத்துச் சுத்திகரிக்கும் 77 இடங்களை ஆராய்ந்தபோது, பெரும்பாலானவை இலக்கை எட்டியிருக்கவில்லை.

படி 6: இலக்கை எழுத்தில் வையுங்கள்

"சுத்தம் செய்வோம்" என்பது இலக்கு ஆகாது. வேலி எல்லையில் என்ன அளவு, எப்போதுக்குள். மூலத்தில் எவ்வளவு சரக்கு குறைய வேண்டும். கட்டடத்துக்குள் காற்றில் என்ன அளவு. இந்த மூன்றும் வேறுவேறு. கண்காணிக்கும் துறையோடு பேசி முடித்துவிட்டே அடுத்த படிக்குப் போங்கள்.

படி 7: முறையைத் தேர்ந்தெடுப்பது

விற்பனைக்கு வருபவர் தன் கையில் இருக்கும் முறையே எல்லா நோய்க்கும் மருந்து என்பார். அவரிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: உங்கள் மருந்து என் களிமண்ணுக்குள் எப்படிப் போகும்?

முதலில் மூலம். ஆழம் குறைவு, மேலே கட்டடம் இல்லை என்றால் தோண்டி எடுப்பதே பெரும்பாலும் சிறந்தது. அழகான தொழில்நுட்பம் இல்லைதான், ஆனால் முடிந்துவிடும். ஆழத்தில், களிமண்ணில் கரைப்பான் இருந்தால் வெப்ப முறை: நிலத்தில் மின்முனைகளை இறக்கி மின்சாரம் செலுத்தினால் ஈர மண் தானே சூடாகும். டிசிஇ தண்ணீரோடு சேர்ந்திருக்கும்போது 73 டிகிரி செல்சியஸிலேயே கொதிக்கும், அதன் அண்ணனான பெர்குளோரோஎத்திலீன் 88 டிகிரியில். எழும் ஆவியை வெற்றிடக் குழாயால் உறிஞ்சிக் கார்பனில், அதாவது மாசை ஒட்டவைத்துக்கொள்ளும் கரித்தூளில், பிடிப்பார்கள். செலவு அதிகம், ஆனால் களிமண்ணின் உள்ளே வரை போகும் முறை இது.

ஆக்சிஜனேற்றி செலுத்துவது, அதாவது பெர்மாங்கனேட் அல்லது பெர்சல்பேட், மணற்பாங்கான மூலத்தில் வேகமாக வேலை செய்யும். தொட்டால்தான் எரிக்கும், தொடாத இடத்தில் ஒன்றும் நடக்காது. மண்ணில் இயற்கையாக இருக்கும் கரிமப் பொருளே மருந்தில் பெரும்பங்கைத் தின்றுவிடலாம், அதனால் எவ்வளவு தின்னும் என்று மண்ணை ஆய்வகத்தில் சோதித்துவிட்டு அளவு முடிவு செய்யுங்கள். குரோமியம் உள்ள மண்ணில் கூடுதல் கவனம் தேவை: அடங்கிக் கிடக்கும் மூன்று இணைதிறன் குரோமியத்தை ஆக்சிஜனேற்றி ஆறு இணைதிறனாக மாற்றிக் கரைத்துவிடும்.

மாசுத் தாரைக்கு நுண்ணுயிர் முறை நன்றாகப் பொருந்தும். தாவர எண்ணெய்க் குழம்பு, லாக்டேட் போன்ற உணவைச் செலுத்தினால் ஆக்சிஜன் தீர்ந்து, குளோரின் அணுக்கள் ஒன்றொன்றாகக் கழற்றப்படும்: பெர்குளோரோஎத்திலீன், டிசிஇ, டைகுளோரோஎத்திலீன், வினைல் குளோரைடு, கடைசியில் தீங்கற்ற எத்திலீன். கடைசிப் படி வரை கொண்டுபோவது டிஹாலோகாக்காய்டிஸ் என்னும் பாக்டீரியா இனம்; அது உங்கள் மண்ணில் போதுமான அளவு இல்லையென்றால் வேலை நடுவில் நின்றுவிடும். நிற்பது வினைல் குளோரைடில் என்றால் முன்பிருந்ததைவிட மோசம். அது புற்றுநோய் தருவது, அமெரிக்க வரம்பு லிட்டருக்கு 2 மைக்ரோகிராம்தான். டிசிஇ எண் இறங்கியதை மட்டும் பார்த்துக் கொண்டாடாமல் சங்கிலி முழுவதையும், எத்திலீன் உட்பட, அளவெடுங்கள். ஆக்சிஜன் போன நிலையில் மண்ணிலிருந்து இரும்பு, மாங்கனீசு, ஆர்சனிக் கரைந்து வருவதும் மீத்தேன் சேர்வதும் உண்டு. ஆக்சிஜனேற்றியையும் இந்தப் பாக்டீரியாவையும் ஒரே இடத்தில் ஒரே சமயத்தில் போடாதீர்கள். ஒன்று மற்றதைக் கொன்றுவிடும்.

இரும்புத் தூள் சுவர் எனக்குப் பிடித்த முறை, ஓடும் பாகம் ஒன்றுமே இல்லாததால். நீரோட்டத்துக்குக் குறுக்கே அகழி வெட்டி இரும்புத் தூளை நிரப்பினால், அதைக் கடந்து போகும் தண்ணீரில் டிசிஇயின் குளோரின் கழன்றுவிடும், ஆறு இணைதிறன் குரோமியம் கரையாத வடிவத்துக்கு மாறிப் படியும். அமெரிக்காவின் வட கரோலினாவில் எலிசபெத் சிட்டியில் உள்ள கடலோரக் காவல்படைத் தளத்தில் முலாம் பட்டறையிலிருந்து இவை இரண்டும் கலந்து கசிந்தன. 1996-இல் அங்கே 46 மீட்டர் நீளம், 7.3 மீட்டர் ஆழம், 0.6 மீட்டர் அகலத்தில் ஒரு சுவர் இறக்கினார்கள். ஒரே சுவர் இரண்டையும் பிடித்தது. ஆனால் ஓட்டத்தின் திசையைத் தவறாகக் கணித்தால் தண்ணீர் சுவரைச் சுற்றிக்கொண்டு போய்விடும். படி 3-இல் காட்டும் கவனத்தின் பலன் இங்கே தெரியும்.

குரோமியம் மட்டும் என்றால் பெரஸ் சல்பேட் அல்லது கால்சியம் பாலிசல்பைடு செலுத்தி ஆறை மூன்றாகக் குறைத்து மண்ணிலேயே படியவிடலாம். மாங்கனீசு ஆக்சைடு நிறைந்த மண்ணில் அது மெல்ல மறுபடி ஆறாகத் திரும்பலாம் என்பதால் கண்காணிப்பு நீளும். பெட்ரோல் வகைக்கு, மிதப்பதை அகற்றிவிட்டு, காற்றை ஊதி ஆக்சிஜன் கொடுத்தால் மண்ணின் நுண்ணுயிர்களே பென்சீனை நன்றாகத் தின்னும்.

வடிவமைப்புக்கு முன்னால் இரண்டு பொருள்களைக் கட்டாயம் சோதியுங்கள். ஒன்று 1,4-டையாக்ஸேன், பழைய குளோரின் கரைப்பான்களில் நிலைப்படுத்தியாகச் சேர்க்கப்பட்டது. காற்றில் ஊதிப் பிரிக்கவும் வராது, கார்பனிலும் சரியாக ஒட்டாது. புற ஊதாக்கதிரும் ஹைட்ரஜன் பெராக்சைடும் சேர்ந்த தனிக் கருவி வேண்டும். மற்றொன்று பிஃபாஸ் (PFAS) எனப்படும், எளிதில் சிதையாத புளோரின் சேர்மங்களின் வகை. தீயணைப்பு நுரையிலும் குரோம் முலாம் தொட்டிகளின் புகை அடக்கியிலும் இருந்தது. இதை நுண்ணுயிர் சிதைக்கும் என்று நம்ப வேண்டாம். கார்பனிலோ அயனிப் பரிமாற்றப் பிசினிலோ பிடித்து வெளியே எடுப்பதே நடைமுறை. இவை இரண்டும் பிறகு தெரியவந்தால் அதுவரை கட்டிய நிலையத்தில் பாதி வீண்.

அப்படியென்றால் இறைத்துச் சுத்திகரிப்பதற்கு இடமே இல்லையா? உண்டு. மாசு வேலி தாண்டாமல் தடுத்து நிறுத்த அதைவிட நம்பகமான வழி குறைவு. அதைத் தடுப்பாகப் பயன்படுத்துங்கள். மூலத்தை வேறு முறையால் கவனியுங்கள்.

படி 8: சின்னதாகச் செய்து பாருங்கள்

உங்கள் மண்ணும் உங்கள் தண்ணீரும் வைத்து ஆய்வகச் சோதனை, பிறகு களத்தில் ஒரு மூலையில் மாதிரி ஓட்டம். மருந்தோடு புரோமைடு போன்ற அடையாளப் பொருளைச் சேர்த்துவிட்டால் எவ்வளவு தூரம், எந்தப் பக்கம் போனது என்று தெரியும். நிலத்துக்குள் எதைச் செலுத்தவும் பெரும்பாலான நாடுகளில் அனுமதி வேண்டும். அழுத்தத்தைக் கூட்டி வேகமாகச் செலுத்தினால் மண் பிளந்து மருந்து வாகன நிறுத்துமிடத்திலோ மழைநீர்க் கால்வாயிலோ பொங்கும். பெர்மாங்கனேட்டின் ஊதா நிறம் அதை ஊருக்கே காட்டிக்கொடுத்துவிடும்.

படி 9: ஓட்டும் காலம்

இறைக்கும் கிணற்றில் இரும்பும் நுண்ணுயிர்ச் சளியும் அடைக்கும்; ஓட்டம் குறைவதை வாராவாரம் குறித்து, அமிலம் விட்டுக் கழுவும் நாளை முன்கூட்டியே வையுங்கள். கார்பன் கலன்கள் இரண்டு, ஒன்றன்பின் ஒன்றாக. இரண்டுக்கும் நடுவில் மாதிரி எடுங்கள். அங்கே மாசு தெரிந்ததும் முதல் கலனை மாற்றி, இரண்டாவதை முன்னுக்குக் கொண்டுவாருங்கள். மாதந்தோறும் எத்தனை கிலோ வெளியே வந்தது, ஒரு கிலோவுக்கு என்ன செலவு என்று ஒரு வரைபடம் வைத்திருங்கள். அந்தக் கோடு படுக்கையாகிவிட்டால் பம்பைப் பெரிதாக்காதீர்கள். படத்துக்குத் திரும்பிப் போய் எந்தக் களிமண் விட்டுப்போனது என்று பாருங்கள்.

படி 10: நிறுத்துவது

இலக்கை எட்டியதும் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுக் காத்திருங்கள். களிமண்ணில் ஊறியது திரும்ப வருகிறதா என்பது பம்ப் ஓடும்போது தெரியாது. குறைந்தது ஒரு வருடம், எல்லாப் பருவங்களிலும் மாதிரி எடுத்து, எண் ஏறவில்லை என்று உறுதியான பிறகே துறையிடம் முடிவுச் சான்று கேளுங்கள். சிறிது மிச்சம் இருந்து, அது தானாகக் குறைவது அளவீடுகளில் தெளிவாகத் தெரிந்தால், கண்காணிப்போடு இயற்கைக்கு விட்டுவிடவும் பல இடங்களில் அனுமதிப்பார்கள். அந்த நிலத்தில் புதிதாகக் கிணறு போடக் கூடாது என்ற தடையை நிலப் பத்திரத்தில் ஏற்றிவிடுங்கள். ஆலை கைமாறும்போது கோப்பு தொலையும், பத்திரம் தொலையாது.

கடைசி வேலை கிணறுகளை மூடுவது. மூடியைப் பூட்டிவிட்டுப் போனால் மூடியதாகாது. சல்லடை முதல் தரைமட்டம் வரை பென்டோனைட் சிமென்ட் கலவையைக் கீழிருந்து மேலாகக் குழாய் வழியே நிரப்புங்கள், ஒவ்வொரு கிணற்றின் இடத்தையும் ஆழத்தையும் நிரப்பிய அளவையும் வரைபடத்தில் குறித்து இறுதி அறிக்கையோடு சேருங்கள். அடைக்காமல் விட்ட ஒரு குழாய் போதும், மேலே நாளை சிந்துவது எதுவானாலும் நேராகப் படுகைக்கு இறங்கிவிடும்.